என்றிக்கே: ஒரு போர்த்துகீசியப் பெயரின் வேர், வழி, வடிவம்



‘பெயர்க் காரணம்’ என்று ஒரு சிறு கட்டுரையோ வாய்மொழிப் படைப்போ கொடுத்தால் பெரும்பாலும் என்ன வருகிறது? இணையத்தில் தேடி எடுத்த ஒரே ஒரு வரி. ‘இந்தப் பெயருக்கு வெற்றியாளன் என்று பொருள்’, ‘அந்தப் பெயருக்கு ஒளி என்று பொருள்’. அவ்வளவுதான், கட்டுரை முடிஞ்சுது. பொருள் சரியாகவே இருந்தாலும் அது பாதி விடைதான். ஒரு பெயரை விளக்கணும்னா மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதன் வேர் என்ன? எந்த வழியாக வந்தது? வந்த இடத்தில் என்ன வடிவம் எடுத்தது?

இந்த மூன்றையும் செய்து பார்க்க ஒரு வெளிநாட்டுப் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘என்றிக்கே’ என்னும் போர்த்துகீசிய ஆண்பெயர். ஆங்கிலத்தில் ஹென்றி என்று நாம் அறிந்த அதே பெயர்தான். பிரேசில் காற்பந்து ஆட்டம் பார்க்கும் மாணவர்கள் இதை அடிக்கடி கேட்டிருப்பார்கள். இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், இந்தப் பெயர் மலாக்கா வரலாற்றிலும் இருக்கிறது, தமிழ் அச்சு வரலாற்றிலும் இருக்கிறது. அதோடு, நம் இலக்கணப் பாடத்தில் வரும் மெய்ம்மயக்கத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வேர்: வீடும் அரசும்

என்றிக்கே என்பது போர்த்துகீசிய மொழியிலேயே பிறந்த சொல் அல்ல. போர்த்துகீசிய மொழி லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் இந்தப் பெயர் லத்தீனும் அல்ல. பழைய ஜெர்மானிய மொழியைச் சேர்ந்தது. ‘ஹைமிரிக்’ என்பது அதன் பழைய வடிவம். இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன.

முதல் உறுப்பு ‘ஹைம்’. இதற்கு வீடு, உறைவிடம் என்று பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் ‘ஹைம்’ என்றும், ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்றும் வழங்குவது இதே சொல்தான்.

இரண்டாம் உறுப்பு ‘ரீக்’. இதற்கு ஆள்பவன், அரசன், வலிமை மிக்கவன் என்று பொருள். இது லத்தீனில் அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்ற சொல்லுக்கும், வடமொழி ‘ராஜன்’ என்ற சொல்லுக்கும் உறவு. மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அப்படிப் பார்த்தால் வடமொழி வழியாக நாம் வாங்கிக்கொண்ட ‘ராஜா’வும் என்றிக்கேயின் பின்பாதியும் தூரத்துச் சொந்தக்காரர்கள்!

ஆக, அகராதிகள் தரும் பொருள் ‘வீட்டை ஆள்பவன்’ அல்லது ‘இல்லத்தின் தலைவன்’. லத்தீனில் எழுதியபோது இது ‘ஹென்றிக்குஸ்’ ஆனது. அதிலிருந்து போர்த்துகீசியத்தில் என்றிக்கே, இத்தாலிய மொழியில் என்றிக்கோ, பிரெஞ்சில் ஆன்றி, ஆங்கிலத்தில் ஹென்றி. ஜெர்மனில் ஹைன்ரிக், டச்சு மொழியில் ஹெண்ட்ரிக். ‘ஹாரி’ என்பதும் ஹென்றியின் பேச்சு வடிவமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஜெர்மானியர் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது எப்போதும் ஒரு முழுத் தொடரின் பொருளை நினைத்து வைக்கவில்லை. மதிப்புமிக்க சில உறுப்புகள் அவர்களிடம் இருந்தன: வீடு, அரசு, புகழ், அமைதி, உறுதி. அவற்றில் இரண்டை இணைத்துப் பெயராக்கினார்கள். ‘ரீக்’ என்ற உறுப்பே ரொட்ரிகோவிலும் இருக்கிறது, ஃபிரெடெரிக்கோவிலும் இருக்கிறது, ரிக்கார்டோவிலும் இருக்கிறது. நம் ஊரில் செல்வராஜ், ராஜசேகர், தமிழ்ச்செல்வன், தமிழரசன் என்று உறுப்புகளை மாற்றி மாற்றி இணைப்பதில்லையா? அதுபோலத்தான். எனவே ‘இப்பெயர் உடையவர் வீட்டை ஆள்வார்’ என்று குணம் சொல்லக் கிளம்ப வேண்டாம்.

காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா?

மாணவர்களே, இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். மண், மரம் போன்றவை இடுகுறி. பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். என்றிக்கே எந்த வகை?

ஹைமிரிக் என்று சொன்ன பழைய ஜெர்மானியர் காதில் ‘வீடு’, ‘அரசன்’ என்ற இரண்டு சொற்களும் தனித்தனியாக விழுந்திருக்கும். போர்த்துகீசியர் காதில் அப்படி விழாது. அவர்கள் மொழியில் வீட்டுக்குக் ‘காசா’ என்பது சொல், அரசனுக்கு ‘ரேய்’. என்றிக்கே என்ற ஒலிக்குள் இரண்டுமே கேட்பதில்லை. அவர்களுக்கு அது வெறும் பெயர். அதாவது, காரணத்தோடு பிறந்த பெயர் மொழி எல்லையைத் தாண்டியதும் இடுகுறி போல ஆகிவிட்டது.

பெரும்பாலான கடன்பெயர்களுக்கு நடப்பது இதுதான். சொல்லின் பொருள் பின்னால் தங்கிவிடும். ஒலி மட்டும் பயணம் போகும். அப்படியானால் மக்கள் அந்தப் பெயரை ஏன் தொடர்ந்து வைத்தார்கள்? அதைத் தாங்கியவர்களுக்காக. அதனால்தான் வேரைச் சொன்னதோடு நிறுத்தாமல் வழியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழி: போர்த்துகலின் தொடக்கத்தில்

5ஆம் நூற்றாண்டில் சுவேபியர், விசிகோத்தியர் என்னும் ஜெர்மானியக் குழுவினர் ஐபீரியத் தீபகற்பத்தில் குடியேறினார்கள். அவர்களுடைய மொழி நாளடைவில் மறைந்தது; பெயர்கள் மறையவில்லை. அஃபோன்சோ, பெர்னாண்டோ, ரொட்ரிகோ, ஆல்வரோ எல்லாம் அப்படி நின்ற பெயர்கள்.

என்றிக்கே என்ற பெயர் போர்த்துகலில் பெருமை பெற்றது இன்னொரு வழியில். பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்த பிரபு ஒருவர் பெயர் என்றிக்கே. லியோன் அரசர் ஆறாம் அஃபோன்சோவின் மகள் தெரேசாவை மணந்து, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துகல் என்ற சிற்றாட்சிப் பகுதியைப் பெற்றார். 1112இல் இறந்தார். இவருடைய மகன்தான் தனி நாடாகப் பிரிந்த போர்த்துகலின் முதல் அரசர். அவர் பெயர் அஃபோன்சோ என்றிக்கஸ்.

அந்த ‘என்றிக்கஸ்’ என்பதைக் கவனியுங்கள். ‘அஸ்’ என்று நம் காதில் விழும் அந்த இறுதி, ‘மகன்’ என்ற உறவைக் காட்டுவது. அஃபோன்சோ என்றிக்கஸ் என்றால் என்றிக்கேயின் மகன் அஃபோன்சோ. இதே வாய்பாட்டில்:

பெர்னாண்டோ – பெர்னாண்டஸ்
ரொட்ரிகோ – ரொட்ரிகஸ்
ஆல்வரோ – ஆல்வரஸ்
நூனோ – நூனஸ்
லோப்போ – லோப்பஸ்

நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘அனாக் லெலாக்கி’யின் சுருக்கம் வருகிறதே, அது செய்யும் வேலையைத்தான் இந்த விகுதி செய்தது. ஒரு வேறுபாடு உண்டு. நமக்குத் தலைமுறைதோறும் தந்தை பெயர் மாறும். போர்த்துகலில் இடைக்காலத்தில் அப்படி மாறியது. பிறகு குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அதனால் இன்றைக்குப் பெர்னாண்டஸ் என்பவரின் அப்பா பெயர் பெர்னாண்டோவாக இருக்க வேண்டியதில்லை.

பின்னாளில் இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் இளவரசர் என்றிக்கே. 1394இல் போர்ட்டோ நகரில் பிறந்தவர், 1460இல் இறந்தவர். வரலாற்று நூல்கள் இவரை ‘கடலோடி ஹென்றி’ என்று குறிப்பிடும். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களைத் தொடர்ந்து அனுப்பி வைத்தவர் இவர். அந்தக் கடல்வழி நீண்டு நீண்டு, இவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு மலாக்கா வரை வந்தது.

மலாக்காவின் என்றிக்கே

1511 ஆகஸ்டில் அஃபோன்சோ டி அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். அந்தக் காலத்தில் இங்கே இருந்த போர்த்துகீசிய வீரர்களில் ஒருவர் மகெல்லன். அவரிடம் ஓர் இளைஞன் அடிமையானான். அவனுக்கு ஞானஸ்நானம் தரப்பட்டு என்றிக்கே என்று பெயர் சூட்டப்பட்டது.

1519இல் ஸ்பெயின் அரசருக்காகக் கடற்பயணம் புறப்படும் முன் மகெல்லன் ஓர் உயில் எழுதினார். அதில் இந்த என்றிக்கே மலாக்காவைச் சேர்ந்தவன், ஏறத்தாழ 26 வயதினன் என்ற குறிப்பு உள்ளது. தாம் இறந்தால் அவனை விடுதலை செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதே கப்பலில் சென்று பயணக் குறிப்பு எழுதிய பிகஃபெட்டா என்ற இத்தாலியரோ, அவன் சுமத்ராவைச் சேர்ந்தவன் என்கிறார்.

1521 மார்ச்சில் கப்பல்கள் இன்றைய பிலிப்பீன்ஸ் தீவுகளை அடைந்தன. படகில் வந்தவர்களிடம் என்றிக்கே தன் மொழியில் பேச, அவர்கள் புரிந்துகொண்டார்கள். மலாய் மொழி இந்தத் தீவுகளின் வணிக மொழியாக எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு இது சான்று. ஏப்ரல் 27ஆம் நாள் மக்தான் தீவில் நடந்த சண்டையில் மகெல்லன் கொல்லப்பட்டார். உயிலின்படி என்றிக்கே விடுதலையாகியிருக்க வேண்டும். புதிய தலைவர்களில் ஒருவரான துவார்த்தே பார்போசா அதற்கு மறுத்து மிரட்டினார். சில நாளில் செபுவில் நடந்த விருந்தில் மாலுமிகள் பலர் கொல்லப்பட்டார்கள். இதற்கு என்றிக்கேயே உள்ளூர் அரசரோடு சேர்ந்து திட்டமிட்டான் என்பது பிகஃபெட்டா சொல்லும் செய்தி. அதன் பிறகு அவனைப் பற்றி ஆவணங்களில் பேச்சே இல்லை.

உலகை முதலில் சுற்றி வந்தவன் இவன்தான் என்று சிலர் எழுதுவார்கள். செபுவிலிருந்து அவன் ஊர் திரும்பினான் என்பதற்கு ஆவணம் இல்லாததால் அதை உறுதியாக எழுதக் கூடாது. கட்டுரையில் எழுதினாலும் ‘என்று கருதுவோர் உளர்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது பெயருக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் என்றிக்கே, ‘வீட்டை ஆள்பவன்’. இந்த இளைஞனோ வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, அடிமையாய்ப் பாதி உலகைச் சுற்றியவன். அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. ஹருன் அமினுர்ரஷித் தம் மலாய் நாவலில் அவனுக்குப் ‘பங்லிமா அவாங்’ என்று பெயர் கொடுத்தார். அது நாவலாசிரியர் கொடுத்த பெயர், வரலாறு தந்ததல்ல. பெயரின் பொருளை மட்டும் எழுதி முடித்தால் எவ்வளவு பெரிய செய்தி நம் கையை விட்டுப் போகிறது என்று பார்த்தீர்களா? பெயர் வைப்பவர் யார், யாருக்கு வைக்கிறார், அவர் சம்மதம் கேட்டாரா என்பதும் பெயரின் வரலாற்றில் சேரும்.

தமிழில் அச்சான என்றிக்கே

அதே நூற்றாண்டில் இன்னொரு என்றிக்கே தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். என்றிக்கே என்றிக்கஸ் என்பது முழுப்பெயர். விகுதி உங்களுக்குத் தெரியும். இப்போது நீங்களே பிரித்துவிடுவீர்கள். 1520இல் போர்த்துகலின் வில விசோசாவில் பிறந்த இந்த ஏசு சபைத் துறவி 1546இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து, தமிழ் கற்று, 1600இல் மறைந்தார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம்தான். ஆனாலும் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’.

ஒரு சுவையான ஒற்றுமை. 1578 ஆகஸ்டில் போர்த்துகலின் இளம் அரசர் செபஸ்தியாவ் மொரோக்கோவில் போரில் இறக்க, அவருடைய முதிய உறவினரான கர்தினால் என்றிக்கே அரியணை ஏறினார். ஆக, தம்பிரான் வணக்கம் அச்சேறியபோது லிஸ்பனில் ஆண்டவரும் என்றிக்கே, நூலை எழுதியவரும் என்றிக்கே.

அந்த நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது தெரியுமா? ‘அண்டிரிக்கி’. பார்த்ததும் சிரிப்பு வரலாம். ஆனால் அது தப்பும் தவறுமாக எழுதியதல்ல. அதற்குள் ஒழுங்கான ஒலியியல் இருக்கிறது.

வடிவம்: அந்த டகரம் எங்கிருந்து வந்தது?

முதலில் ‘ஹ’. போர்த்துகீசிய எழுத்துக்கூட்டலில் இப்பெயரின் முதலெழுத்து ஹகரம்தான். ஆனால் அதை ஒலிப்பதில்லை. எழுத்தைப் பார்த்து எழுதினால் ‘ஹென்ரிக்’ என்று வரும். காதால் கேட்டு எழுதிய அன்றைய தமிழர் ஹகரத்தைப் போடவில்லை. கேட்காததை ஏன் எழுதணும்?

அடுத்து ‘ட’. மூலத்தில் டகரம் கிடையாது. னகர ஒலியை அடுத்து ரகரம். ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ன் சொல்ல நாக்கு நுனி மேலே ஒட்டியிருக்கிறது, காற்று மூக்கு வழியாகப் போகிறது. ரகரத்துக்குப் போகும்போது மூக்குவழி கொஞ்சம் முந்தி அடைபட்டுவிட்டால், நாக்கு விடுபடும் அந்த நொடியில் டகரம் போன்ற ஒலி தானாகப் பிறக்கும். யாரும் திட்டமிட்டுச் சேர்ப்பதல்ல.

இது தமிழர் நாக்கின் குறையும் அல்ல. டச்சுக்காரர்கள் இதே பெயரை ‘ஹெண்ட்ரிக்’ என்கிறார்கள். அவர்களுக்கும் அதே இடத்தில் அதே டகரம்! இடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘தண்டர்’; அதன் பழைய வடிவத்தில் டகரம் இல்லை, பிறகுதான் வந்து நுழைந்தது.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் தயாராக இருந்தது. ‘கன்று’, ‘மூன்று’ ஆகியவற்றை வாசிக்கும்போது பலர் நாவில் ‘கண்ட்ரு’, ‘மூண்ட்ரு’ என்பது போலத்தானே ஒலிக்கிறது? (பேச்சில் கன்னு, மூணு ஆகிவிடும்; அது வேறு கதை.) ன்ற என்ற சேர்க்கைக்கு உள்ள ஒலி அது.

இங்கேதான் மெய்ம்மயக்கம் வருகிறது. தமிழ்ச் சொல்லின் நடுவே னகர மெய்யை அடுத்து ற, க, ச, ஞ, ப, ம, ய, வ ஆகியவை வரலாம். இன்னொரு னகரமும் வரலாம். ரகரம் வராது. எனவே ‘ஹென்ரி’, ‘என்ரிக்கே’ என்பவை விதிக்கு ஒத்து வராதவை. ‘ஹென்றி’, ‘என்றிக்கே’ ஒத்து வருபவை. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் நாயகன் பெயர் ஹென்றி. வளர்ப்புத் தந்தையின் வீட்டைத் தேடி ஊருக்கு வருபவன். அங்கும் எழுத்து ன்ற தான்.

சரி, அப்புறம் ‘அண்டிரிக்கி’யில் ஏன் ‘ண்டிரி’? அதை எழுதியவர் டகரத்தைத் தெளிவாகக் காட்ட விரும்பினால் ‘ண்ட்ரி’ என்று எழுத வேண்டும். டகர மெய்யை அடுத்து ட, க, ச, ப மட்டுமே வரும், ரகரம் வராது. அதனால் இடையில் ஓர் இகரம் போட்டு ‘ண்டிரி’. இலக்கணம் படித்தாரோ இல்லையோ, காது தமிழ்க்காது!

மலாக்காவிலும் இதே பெயர் மூன்று வடிவத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். 1511இல் போர்த்துகீசியரோடு என்றிக்கே, 1641இல் டச்சுக்காரரோடு ஹெண்ட்ரிக், 1824 ஒப்பந்தத்துக்குப் பின் ஆங்கில ஆட்சி நிலைத்தபோது ஹென்றி. ஆட்சி மாற மாற, ஒரே பெயருக்கு வேறு வேறு வடிவம்.

போலி வேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘அண்டிரிக்கி’யைப் பார்த்து ஒருவர், ‘இது ஆண்டி என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து வந்தது; துறவி என்று பொருள்’ எனச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? ஒலி நெருக்கம், பொருளும் பொருந்துகிறது, அவர் துறவியும்கூட. ஆனால் தவறு. மூன்று சோதனை போதும்.

ஒன்று, காலம். இந்தப் பெயர் தமிழகக் கரைக்கு வரும் முன்பே ஐரோப்பாவில் பல நூற்றாண்டு வழங்கியதா? ஆம்.

இரண்டு, ஒலி விதி. வடிவ மாற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்ட முடிகிறதா? ஹகரம் ஒலிப்பதில்லை, டகரம் இடையில் தோன்றியது, இகரம் மெய்ம்மயக்கத்துக்காக வந்தது, காட்ட முடிகிறது. ‘ஆண்டி’யில் தொடங்கினால் ‘ரிக்கி’க்குக் காரணம் சொல்ல முடியாது.

மூன்று, உறவு. அண்டை மொழிகளில் இதே பெயரின் உறவுகள் கிடைக்கின்றனவா? ஹைன்ரிக், என்றிக்கோ, ஆன்றி என்று வரிசையாகக் கிடைக்கின்றன.

தமிழின் பெருமைக்குப் போலி வேர் தேவையில்லை. வேற்றுமொழிப் பெயரை வாங்கித் தன் ஒலி விதிப்படி மாற்றிக்கொண்டதே மொழியின் உயிர்ப்பைக் காட்டுகிறது.

வகுப்பறைக்கு

1. ‘ஹென்ரி, ஹென்றி’ இரண்டையும் வெண்பலகையில் எழுதி, எது மெய்ம்மயக்க விதிக்கு உட்பட்டது என்று காரணத்தோடு சொல்லச் செய்யுங்கள். பிறகு ‘கன்று, தென்றல், குன்று’ ஆகியவற்றை உரக்க வாசிக்கட்டும்.

2. ஜன்னல், அலமாரி, மேசை, பாதிரி ஆகியவை போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. மலாயில் ஜெண்டேலா, அல்மாரி, மேஜா, பாடெரி. இரு மொழியிலும் ஒலி எப்படி மாறியது என்று குழுவாக ஒப்பிடலாம். ஜெண்டேலாவில் நகரத்தை அடுத்து டகரம் வந்திருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள்; மூலச்சொல் ‘ஜனேலா’.

3. மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயருக்கு வேர், வழி, வடிவம் என மூன்று பத்தி எழுதட்டும். ‘வழி’ப் பத்திக்கு இணையம் உதவாது. அந்தப் பெயரை யார் வைத்தார், ஏன் வைத்தார், வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், பிறப்புப் பத்திரத்தில் எழுத்து மாறியதா என்று அம்மாவையோ தாத்தா பாட்டியையோ கேட்டுத்தான் எழுத முடியும். பாட்டி சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எழுத்துத்தமிழுக்கு மாற்றுவதை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.